நரியின் அளவும் அச்சத்தின் அளவும்

வீட்டுப் பூனையைக் காட்டிலும் நரி எவ்வளவு பெரிய பிராணி? இக்கேள்வியை எவரிடம் கேட்டாலும், பெரும்பாலோர் ஒரு கணமும் யோசியாமல் மூன்று மடங்கு என்றோ நான்கு மடங்கு என்றோ விடையளிப்பர். எடை போட்டுப் பார்த்தவர் எவரேனும் உண்டோ என்று மறுபடியும் கேட்டால், சபை மௌனமாகிவிடும். தேசத்தின் பெருங்காரியங்களைப் பேசவேண்டிய இப்பத்தியில் நரிக்கும் பூனைக்கும் இடமேது என்று சில நண்பர்கள் முகஞ்சுளிக்கலாம். ஆயினும் ஒரு ஜீவனின் அளவைச் சரிவர அறியாமலே அதன்மீது குற்றஞ்சாட்டி, விசாரணையின்றித் தண்டனையும் விதித்துவிடும் வழக்கம் சிறிய விஷயமன்று. நரியிடத்தில் பழகிய அவ்வழக்கம் நரியோடு நின்றுவிடுவதுமில்லை. ஆதலின் வாசகர்கள் சற்றுப் பொறுமையுடன் இவ்விஷயத்தைக் கவனிப்பார்களென்று நம்புகிறோம்.

முதலாவது, பெயரைப் பற்றிய ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் இரவில் கூட்டமாய் ஊளையிடுவதும், கரும்புத் தோட்டங்களிலும் ஊர்ப்புறங்களிலும் திரிவதுமான நரி வேறு. ஆங்கிலேயர் தங்கள் நாட்டுக் கதைகளில் பேசும் நரி வேறு. முன்னது நாய்க்கும் ஓநாய்க்கும் நெருங்கிய உறவுடையது. எட்டு முதல் பதினொரு கிலோ வரை எடையுள்ளது. பின்னதன் இனத்தைச் சேர்ந்த பிராணியும் நமது நாட்டில் உண்டு. அதைக் குள்ளநரி என்கிறோம். சேலம் ஜில்லாவில் வங்காநரி என்பர். இவ்விரண்டிற்கும் பொதுவாக நரி என்ற ஒரே சொல்லை நாம் ஆண்டுவருவதால், பஞ்சதந்திரத்தின் கரடகனும் தமனகனும் ஈசாப்பின் நரியும் ஒரே ஜாதியென்று நமது பிள்ளைகள் எண்ணுகிறார்கள். உண்மையில் பஞ்சதந்திரத்து மந்திரிமார் இருவரும் ஊளையிடும் பெருநரிகள். ஈசாப்பின் நரியோ செந்நிறமான மற்றொரு பிராணி. நீலகிரியில் குடியேறிய ஆங்கிலேயர் தங்கள் ஊர் வழக்கப்படி வேட்டை நாய்களை வைத்துக்கொண்டு குதிரையேறி விரட்டியதும் நமது பெருநரியைத்தான். தங்கள் ஊர் நரி அங்கே கிடைக்காமையால், அகப்பட்ட நரியைக்கொண்டு ஆசையைத் தீர்த்துக்கொண்டனர்.

இனிக் கணக்கிற்கு வருவோம். நன்கு வளர்ந்த வீட்டுப் பூனை சாதாரணமாய் மூன்றரை முதல் நாலரை கிலோ எடையிருக்கும். மூக்கு நுனியிலிருந்து வாலின் அடிவரை சுமார் 46 சென்டிமீட்டர். வால் 30 சென்டிமீட்டர். தோள் உயரம் 25 சென்டிமீட்டருக்குள் அடங்கும். இங்கிலாந்தின் செந்நரியில் ஆண் சுமார் ஆறரை கிலோ, பெண் சுமார் ஐந்தரை கிலோ. உடல் நீளம் 62 முதல் 72 சென்டிமீட்டர்; வால் சுமார் 40 சென்டிமீட்டர்; தோள் உயரம் 35 முதல் 40 சென்டிமீட்டர். ஆகவே நீளத்திலும் உயரத்திலும் நரி பூனையை ஒன்றரைப் பங்கு விஞ்சி நிற்கிறது. எடையிலும் ஏறக்குறைய அவ்வளவே விஞ்சுகிறது. சோம்பிக் கொழுத்த ஆண் பூனையொன்று மெலிந்த பெண் நரிக்குச் சமமாய்த் தராசில் நிற்பதும் அபூர்வமன்று.

அங்ஙனமாயின் நரி நமது கண்ணுக்குப் பெரிதாய்த் தோன்றுவானேன்? காரணங்கள் தெளிவானவை. நரியின் கால்கள் நீண்டவை; எலும்புகள் மெல்லியவை; உடல் ஒடுங்கியது. அந்த ஒடுங்கிய உடலின்மீது குளிர்காலத்தில் அடர்ந்த ரோமப் போர்வை வளர்கிறது. பின்னால் உடலில் பாதிக்கு மேற்பட்ட நீளமுள்ள, புஸுபுஸுவென்ற வால் ஒன்று தொங்குகிறது. இவையெல்லாம் சேர்ந்து, உள்ளே இருப்பதைப்போல் இருமடங்கு தோற்றத்தை வெளியே காட்டுகின்றன. கோடையில் ரோமம் உதிர்ந்த நரியைக் கண்டவர்கள், இது நோயால் வாடிய குட்டியோ என்று ஐயுறுவர். இதோடு, நாம் நரியைக் காணும் நேரமோ அந்தி அல்லது நள்ளிரவு. காணும் காலமோ சில விநாடி. மங்கிய ஒளியும் படபடக்கும் நெஞ்சும் சேர்ந்தால் எந்த அளவுகோலும் நீண்டுவிடும். நேரிற் கண்ட சாட்சியும் அளவு விஷயத்தில் தவறுவதுண்டு என்பதை நியாயஸ்தலங்களில் பழகியவர்கள் நன்கறிவார்கள்.

மேலும், நரி என்பது ஒரே அளவுள்ள பிராணியுமன்று. குளிர்மிக்க நாடுகளில் ஒரே இனத்துப் பிராணிகள் பெருத்தும், வெப்ப நாடுகளில் சிறுத்தும் காணப்படுமென்று ஜெர்மானிய அறிஞர் பெர்க்மன் 1847ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். பருத்த உடல், தன் எடைக்கு ஏற்பக் கணக்கிட்டால், குறைந்த தோற்பரப்பையே வெளிக்காற்றிற்குக் காட்டுகிறது. ஆதலின் உட்சூட்டை எளிதில் இழப்பதில்லை. சிறிய உடலோ சூட்டை விரைவில் வெளியேற்றுகிறது. நரிக் குடும்பம் இவ்விதிக்குச் சிறந்த சான்று. செந்நரியே மத்திய கிழக்குப் பாலைவனங்களில் சுமார் மூன்று கிலோவாய்க் குறுகிவிடுகிறது. சஹாரா மணலில் வாழும் பென்னெக் நரி பெரும்பாலும் ஒன்றரை கிலோ அளவிலேயே நிற்கிறது; நாய்க் குடும்பம் முழுவதிலும் அதுவே மிகச் சிறியது. அதன் பெரிய காதுகளை நீக்கிவிட்டுப் பார்த்தால் பூனைக் குட்டியென்றே மயங்கலாம். நமது நாட்டுக் குள்ளநரியில் ஆண் 2.7 முதல் 3.2 கிலோ, பெண் அதற்கும் குறைவு. அஃதாவது நமது ஊர்த் திண்ணையிற் படுத்துறங்கும் பூனையைவிடக் குள்ளநரி கனத்ததன்று. பல சமயங்களில் அதனினும் இலேசானது. ‘நரி பூனையைவிடப் பெரிது’ என்னும் பொது வாக்கியம் நமது நாட்டிலேயே பொய்த்துப்போகிறது.

உருவத்தில் மட்டுமன்றி நடத்தையிலும் நரி பூனைக்கு அணுக்கமானது. அதன் கண்மணி பூனையினுடையதைப் போலவே நெடுக்காகப் பிளந்தது. ஓநாயைப்போல் கூட்டமாய்த் துரத்தி வேட்டையாடாமல், தனியே பதுங்கிச் சென்று, காதால் இடமறிந்து, துள்ளிப் பாய்ந்து எலியைப் பிடிப்பது நரியின் முறை. நாயின் வம்சத்திற் பிறந்து பூனையின் தொழிலைக் கற்றுக்கொண்ட பிராணி என்று அதைச் சொல்லலாம். இரையும் தொழிலும் ஒன்றாயிருப்பதனாலேயே அளவும் ஏறக்குறைய ஒன்றாய் அமைந்தது. எலியையும் வண்டையும் தின்று பிழைக்கும் ஜீவனுக்குப் புலியின் தேகம் எதற்கு?

இத்தனையும் அளந்தறிந்த விஷயங்களாயிருக்க, அளவறியாத அச்சம் என்ன செய்யுமென்பதற்கு இங்கிலாந்தே உதாரணம். அந்நாட்டில் 1930களில் நகரங்களைச் சுற்றித் தோட்டங்களுடன் கூடிய புறநகர் வீடுகள் பெருகியபோது, நரி அத்தோட்டங்களுக்குள் குடிபுகுந்தது. லண்டனில் அதிகாரிகள் பல ஆண்டுகள் நரிகளைக் கொன்று பார்த்தனர். கொன்ற இடத்தை வேறு நரி உடனே நிரப்பியது. 1980களில் அம்முயற்சி கைவிடப்பட்டது. 2010ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் லண்டனின் ஹாக்னி பகுதியில், தொட்டிலில் உறங்கிய 9 மாத இரட்டைக் குழந்தைகளை வீட்டிற்குள் நுழைந்த நரியொன்று கடித்துக் காயப்படுத்தியது. 2013ஆம் ஆண்டு பிப்ரவரியில் அதே நகரின் மற்றொரு பகுதியில் ஒரு கைக்குழந்தையின் விரலை நரி கடித்துத் துண்டித்தது. வைத்தியர்கள் அதை மறுபடி பொருத்தினர். அந்தப் பெற்றோர் பட்ட துயரத்தை எவரும் இலேசாய்ப் பேசலாகாது, நாமும் பேசவில்லை. ஆனால் அதன் பிறகு நடந்ததைத்தான் வாசகர்கள் கவனிக்கவேண்டும்.

நகர மேயராயிருந்த போரிஸ் ஜான்சன் நரிகளைத் தொல்லையென்றும் அபாயமென்றும் வர்ணித்து, நகராட்சிகள் நடவடிக்கை எடுக்கவேண்டுமென்றார். பத்திரிகைகளோ ராக்ஷஸ நரிகளைத் தேடிப் புறப்பட்டன. 2012ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தில் சுடப்பட்ட நரியொன்று 17 கிலோ இருந்ததென்று பெரிய எழுத்துக்களில் அச்சிட்டனர். அது மெய்யேயென்று வைத்துக்கொண்டாலும், ஆறரை கிலோ சராசரியுள்ள இனத்தில் அது ஒரு விசித்திரமேயன்றி விதியாகாது. ஏழடி மனிதன் ஒருவனைக் கண்டு, அந்தத் தேசத்தார் அனைவரும் ஏழடியர் என்று எழுதுவார் உண்டோ? செத்த நரியைக் கையை நீட்டிக் காமிராவின் முன்னே பிடித்து, மனிதன் பின்னே நின்றுகொண்டால் எந்த நரியும் ஓநாயாகிவிடும். அந்தப் படத்தைக் கண்ட ஜனங்களுக்கு, தங்கள் தோட்டத்தில் எலி தேடித் திரியும் ஐந்து கிலோப் பிராணியும் மறுநாள் முதல் எமனாய்த் தோன்றியது.

இந்த அச்சம் வெறும் அச்சமாய் நிற்கவுமில்லை. வேட்டை நாய்களைக்கொண்டு நரியை விரட்டிக் கொல்வதை 2004ஆம் ஆண்டின் வேட்டைச் சட்டம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தடுத்தது. 2005ஆம் ஆண்டு பிப்ரவரியில் அது அமலுக்கு வந்தது. அச்சட்டத்தை விரும்பாதவர்களுக்கு நகரத்து நரியைப் பற்றிய ஒவ்வொரு பீதியும் ஒரு வாதமாய் உதவிற்று. அதே இங்கிலாந்தில் நாய்க்கடியினால் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் ஆஸ்பத்திரியிற் சேர்க்கப்படுகிறார்கள். அதற்காக நாயினத்தையே ஒழிக்கவேண்டுமென்று மேயர் எவரும் முழங்கவில்லை. பழகிய பிராணியின் பிழையைத் தனிப்பட்ட பிழையென்றும், பழகாத பிராணியின் பிழையை ஜாதியின் குணமென்றும் கொள்வது மனித சுபாவம்போலும். மனிதர்களைப் பற்றியும் இதே கணக்கைப் போடும் அரசாங்கங்களை உலகம் கண்டிருக்கிறது.

நரி பூனைகளைக் கொன்று தின்கிறதென்ற குற்றச்சாட்டும் அடிக்கடி எழுகிறது. பூனைக் குட்டிகளுக்கும் நோயுற்ற பூனைகளுக்கும் அபாயம் இல்லாமலில்லை. வளர்ந்த பூனையோ அளவில் தனக்கு ஏறக்குறைய ஒப்பானது. நகமும் பல்லும் உடையது. ஒரு கண்ணை இழந்தால் வேட்டையே போய்விடுமென்பது நரிக்குத் தெரியும். ஆதலின் இரண்டும் சந்திக்கும்போது பெரும்பாலும் ஒன்றையொன்று பார்த்துவிட்டு விலகிச் செல்கின்றன. 2022ஆம் ஆண்டு அக்டோபரில், பிரிட்டிஷ் பிரதம மந்திரியின் டௌனிங் வீதி இல்லத்து வாசலில், அங்கே 2011 முதல் எலி பிடிக்கும் உத்தியோகத்தில் இருந்துவந்த லாரி என்னும் பூனை ஒரு நரியை விரட்டியடித்ததைக் காமிராக்கள் படம்பிடித்தன. அப்போது லாரி முதுமையெய்திய பூனை. பூனையைத் தின்னும் ராக்ஷஸனைப் பற்றி எழுதிய பத்திரிகைகளே இந்தக் காட்சியையும் வெளியிட்டுச் சிரித்தன. முன்பு எழுதியதைத் திருத்திக்கொண்டனவா என்பது வேறு விஷயம்.

இங்கே எதிர்த்தரப்பின் வாதத்தையும் கூறிவிடுவது நியாயம். சிறிய பிராணி எனவே தீங்கற்றது என்று நாம் சாதிக்க வரவில்லை. ஆஸ்திரேலியா அதற்கு மாறான சாட்சி. 1788ஆம் ஆண்டில் முதற் கப்பற் கூட்டத்தோடு பூனை அங்கே சென்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின், குதிரையேறி நரி விரட்டும் விளையாட்டுக்காகவே குடியேறிய ஆங்கிலேயர் செந்நரியைக் கொண்டுபோய் விட்டனர். அரை நூற்றாண்டு சற்றுக் கடந்ததும் அது கண்டத்தின் மேற்குப் பகுதியையும் எட்டியது. ஐரோப்பியர் குடியேற்றத்திற்குப் பின் அந்நாட்டில் அழிந்துபோன பாலூட்டி இனங்கள் 30க்கு மேற்பட்டவை. அவ்வழிவில் இவ்விரு பிராணிகளின் பங்கு முதன்மையானது. அழிந்தவற்றிலும் நலிந்தவற்றிலும் பெரும்பாலானவை 35 கிராமுக்கும் ஐந்தரை கிலோவுக்கும் இடைப்பட்ட எடையுள்ளவை என்று ஆராய்ச்சியாளர் கண்டனர். பூனையும் நரியும் தூக்கிச்செல்லக்கூடிய அளவு அதுவேயன்றோ! அளவை அறிந்ததனாலேதான் அங்கே தீங்கின் வழியும் புலப்பட்டது. எந்த இனங்களைக் காக்கவேண்டும், எங்கே வேலியிடவேண்டும் என்பதும் தெரிந்தது. ஆகவே நாம் வேண்டுவது நரிக்குப் பரிவன்று. நரியைப் பற்றிய சரியான கணக்கு. மிகைப்படுத்துவதும் பிழை, குறைத்துரைப்பதும் பிழை. குற்றமும் அங்கே நரியுடையதன்று. பொழுதுபோக்கிற்காக ஒரு கண்டத்தின் ஜீவராசிகளைப் பணயம் வைத்தவர்களுடையது.

வெளிநாட்டார் கதையைப் பேசி நம்மை மறந்துவிடலாகாது. சேலம் ஜில்லா வாழப்பாடியைச் சுற்றியுள்ள சில கிராமங்களில், பொங்கலையொட்டி வங்காநரியைப் பிடித்துவந்து ஊரார் நடுவே ஓடவிடும் வழக்கம் தலைமுறைகளாய் இருந்துவருகிறது. நரி முகத்தில் விழித்தால் நன்மையென்பது நமது பழைய நம்பிக்கை. அதன் முகங்கண்டு உழவைத் தொடங்கினால் மழை பொழியும், விளைச்சல் பெருகுமென்று அவ்வூர் விவசாயிகள் கருதுகிறார்கள். அவர்கள் கொடியவர்களல்லர், நரியைக் கொல்வதுமில்லை, விழா முடிந்ததும் காட்டில் விட்டுவிடுகிறார்கள். ஆயினும் வலையில் அகப்பட்டு, வாய் கட்டப்பட்டு, காலிற் கயிறு பிணைக்கப்பட்டு, ஆரவாரிக்கும் கூட்டத்தினிடையே ஓட்டப்படும் அப்பிராணி மூன்று கிலோ எடையுள்ளதென்பதை நினைவிற்கொள்ள வேண்டும். மஞ்சுவிரட்டுக் காளைக்கும் மனிதனுக்கும் நடக்கும் போட்டியோடு இதை ஒப்பிடுவார் உளர். காளை மனிதனைவிடப் பன்மடங்கு பெரியது; வீரத்திற்கு அங்கே இடமுண்டு. வங்காநரியோ நமது வீட்டுப் பூனையின் அளவு. ஒரு பூனையைக் கயிற்றிற் கட்டி ஊர் முழுதும் விரட்டினால் அதை வீரவிளையாட்டென்று எவரும் சொல்லத் துணியார்.

சட்டமும் இதில் தெளிவானது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்னும் சொல்லுக்குக் கொல்வதை மட்டும் பொருளாய்க் கொள்ளவில்லை. பிடிப்பதும், வலைவைப்பதும், விரட்டுவதும் அதில் அடங்கும். ஆதலின் உயிரோடு விட்டுவிட்டோம் என்பது குற்றத்திற்கு விடையாகாது. வனத்துறையார் தடைவிதித்து அபராதமும் வசூலித்திருக்கிறார்கள். எனினும் அபராதத்தால் மட்டும் வழக்கம் மாறாது. அபராதத்தை ஊர்ப் பொதுச் செலவாய்க் கருதிக் கட்டிவிட்டு மறு ஆண்டும் வலையெடுப்பார்கள். அவ்வூர்ப் பெரியோர்களிடம் நாம் பணிந்து கூறுவது ஒன்றே: நரியின் முகம் நன்மை தருமென்று நம்புகிறவர்கள், அம்முகம் என்றும் காணக்கிடைக்கும்படி அதைக் காப்பதல்லவா அந்த நம்பிக்கைக்கு ஏற்ற செயல்? விடியலிற் புல்வெளிக்குச் சென்று, வளையருகே தானாய் நிற்கும் நரியைத் தூர நின்று கண்டு வணங்கித் திரும்பினால், வழக்கமும் நிலைக்கும், நரியும் நிலைக்கும்.

நிலைப்பது அவ்வளவு எளிதன்று என்பதே நமது கவலை. குள்ளநரி அடர்ந்த காட்டில் வாழ்வதில்லை. புல்வெளியும் முட்புதரும் மண்டிய வறண்ட சமவெளியே அதன் வீடு. கரையானையும் வண்டையும் எலியையும் இலந்தைப் பழத்தையும் தின்று, ஆணும் பெண்ணும் இணைபிரியாமல் வளையமைத்து, ஆண்டிற்கு இரண்டு முதல் நான்கு குட்டிகளை வளர்க்கிறது. வரி கொடாத நிலத்தையெல்லாம் தரிசென்று எழுதிவைத்தது ஆங்கில ஆட்சியின் ரெவினியூ இலாகா. ஆட்சி மாறிற்று, ஏடு மாறவில்லை. தரிசென்று எழுதப்பட்டுவிட்டபடியால், அந்தப் புல்வெளிகள் ஒன்று மரம் நடப்படுகின்றன, அல்லது ஆலைக்கும் சூரியத் தகடுகளுக்கும் அளிக்கப்படுகின்றன. எஞ்சிய இடங்களில் ஊர்நாய்கள் புகுகின்றன. மகாராஷ்டிரத்தில் சோலாப்பூருக்கு அருகேயுள்ள நன்னஜ் புல்வெளியில் நடந்த ஆராய்ச்சி, நாய்கள் வரும் இடத்தில் குள்ளநரி இரைதேடுவதை விட்டு ஒதுங்குகிறதென்பதைக் காட்டியது. பதினைந்து கிலோ நாயின் முன் மூன்று கிலோ நரி வேறென்ன செய்யும்? நாய்களின் கொள்ளைநோய்களும் அதைத் தொடர்கின்றன.

இந்நிலையில் செய்யத்தக்கவை எட்டாதவையல்ல. புல்வெளியைத் தரிசுக் கணக்கிலிருந்து நீக்கி, அதற்கென ஒரு தனித் தலைப்பைச் சர்க்கார் ஏற்படுத்த வேண்டும். ஊர்நாய்களுக்குத் தடுப்பூசி இடுவதில் பஞ்சாயத்துகள் முனையவேண்டும். அது மனிதருக்கும் நன்மை. பள்ளிப் புத்தகங்களில் வடையைப் பறிகொடுத்த காகத்தின் கதைக்குப் பக்கத்தில், நமது குள்ளநரியின் படத்தையும் எடையையும் அச்சிடலாம். தந்திரத்தைப் பற்றி ஆயிரங் கதை கேட்ட பிள்ளைகள், தராசில் அது எவ்வளவு நிற்குமென்பதையும் ஒருமுறை அறியட்டும். பத்திரிகை நடத்துவோரான நமக்கும் இதிற் கடமையுண்டு. அச்சத்தை அச்சிட்டால் பிரதிகள் விலைபோகும். அளவை அச்சிட்டால் அவ்வளவு விலைபோகாது. ஆயினும் ஜனங்கள் பத்திரிகைக்குக் காசு கொடுப்பது கண்ணை அகலத் திறப்பதற்கேயன்றி, கண்ட நிழலைப் பெரிதாக்கிக் காட்டுவதற்கன்று.

பொது வாழ்வில் ஈடுபட்ட நண்பர்களுக்கு இதில் ஒரு பாடம் உண்டென்று கருதுகிறோம். எதிரியைப் பெரிதாக்கிப் பேசுவது எதிரியை ஒழிக்க அனுமதி கேட்பதற்கு முதற்படி. சிறியதைச் சிறியதென்றும், பெரியதைப் பெரியதென்றும், தீங்கு எங்கேயோ அங்கேயே தீங்கென்றும் கூறும் பழக்கம் ஒரு ஜன சமூகத்திற்கு வந்துவிடுமாயின், அதைப் பீதியால் ஆள்வது எவருக்கும் அரிது. அப்பழக்கத்தை எங்கிருந்தேனும் தொடங்கத்தான் வேண்டும். மூன்று கிலோ எடையுள்ள ஒரு சிறு பிராணியிடமிருந்து தொடங்கினால் குறைவொன்றுமில்லை.